பரஸ்தானம்

குடும்பப்பெயர், சொந்தப்பெயர், பாஸ்போர்ட் நம்பர், விமான நம்பர் என்று கொட்டை எழுத்தில் பிசிறில்லாமல் நிரப்பிக்கொண்டே வந்த குற்றாலிங்கத்தின் பேனா, 'ஆஸ்திரேலியாவில் தங்கப்போகும் விலாசம்' என்று அச்சடித்திருந்த வரிக்கு வந்ததும் நின்றது. அதற்கென்ன, ஃபைலில் இருக்கிறது என்று இடது கையை நீட்டினார். கை மேசையைத் தடவியது, நாற்காலியின் முதுகைத் தடவியது, குனிந்து தரைவிரிப்பைக்கூடத் தடவியது. ஃபைல் வைத்த மஞ்சப்பை இல்லை. சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு உள்ளேயே, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஹோட்டல் அறை அது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. தேட இடமே இல்லாத அறையில் ஒரு பொருளைத் தேடுகிற கஷ்டம் இருக்கிறதே, அது தனிக் கஷ்டம். இரண்டு நிமிஷத்தில் எல்லா இடத்தையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆவுடையம்மாள் மூட்டுவலி மாத்திரை போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கினாள். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முதுகு. எழுப்பலாமா? எழுப்பி என்ன கேட்க? கைக்கடிகாரத்தில் பத்து நாற்பது. அது ஊர் நேரம். இரண்டரை கூட்டினால் இங்கே ஒன்று பத்து. சர்க்கரை மாத்திரை ஊர் நேரத்துக்குத்தான் போகும், கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற சோலியே வேண்டாம் என்று திருநெல்வேலியிலேயே தீர்மானம் செய்துவிட்டார். அறை நாலரை வரை. மெல்போர்ன் விமானம் ராத்திரி எட்டு பத்துக்கு. நேரம் கிடக்கிறது, ஏகத்துக்குக் கிடக்கிறது. இந்த நுழைவு அட்டையை விமானத்துக்குள்ளேதான் கொடுப்பார்களாம். அங்கே இருட்டில் மடியில் வைத்து எழுதினால் எழுத்து கோணும் என்று, காலையில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கெஞ்சி இரண்டு அட்டை வாங்கி வந்திருந்தார். முன்னெச்சரிக்கை. இவ்வளவு முன்னெச்சரிக்கை பார்த்த மனுஷன் ஃபைலை எங்கே வைத்தான்?

எங்கே வைத்தான் என்று கேட்ட அதே கணத்தில் இடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தெய்வானை வீட்டு முன்னறையில், டீவி மேசைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அட கடவுளே. பரஸ்தானம் வைத்த பை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் கிளம்பினால்தான் ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற முடியும், ஐந்து மணியோ நட்ட நடு ராகுகாலம். ஆவுடை காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மூக்குக்கு நேரே பிடித்தாள். "நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். அந்நேரத்துல நான் வாசல் இறங்க மாட்டேன், கேட்டியளா?" விமானக்காரன் உன் ராகுகாலத்தைப் பார்த்தா நேரம் போட்டிருக்கான் என்று இவர் சத்தம் போட, அதற்கு ஒரு வழி இருக்கு, பரஸ்தானம் வைக்கணும் என்றாள். காலையில் ஏழரைக்கு நல்ல நேரம். அந்நேரத்தில் பயணத்துக்கு வேண்டிய ஒரு சாமானைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் இறங்கலாம், போகிற வழியில் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். "ஏதாவது பழைய துண்டைக் கொண்டு வை" என்றார். துண்டெல்லாம் ஆகாது, இல்லாவிட்டால் போகவே முடியாது என்கிற மாதிரிச் சாமானாக இருக்க வேண்டும் என்றாள். இவருக்கும் குசும்பு சும்மா இருக்கவில்லை. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் உருவி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, "இந்தா, இதுக்கு மேல வேண்டிய சாமான் கெடயாது" என்று ஃபைலை மஞ்சப்பையோடு தூக்கிக் கொடுத்தார். அவளும் பயபக்தியாக வாங்கிக்கொண்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, ரோட்டைத் தாண்டிப் போய் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் கார் வந்தது. பெட்டியைத் தூக்கு, கேஸை மூடு, மோட்டாரை அணை, பூட்டை இழுத்துப் பார். வைத்தவள் அவள், அவள் எடுத்திருப்பாள் என்று இவர் இருந்தார். ஃபைல் அவருடையது, அவர் எடுத்திருப்பார் என்று அவள் இருந்திருப்பாள். தெய்வானை வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டி வழியனுப்பினாள், மகராசி, அவளுக்கும் ஞாபகமில்லை. ஆக, நல்ல நேரத்தில் புறப்பட்டது ஃபைல் மட்டும்தான். அதுவும் எதிர்வீடு வரைக்கும்.

போனால் போகட்டும், அதில் வேறென்ன இருந்தது, எல்லாம் தலைக்குள் இருக்கிறதே. பயணத் திட்டம் பன்னிரண்டு பக்கம், அவர் கையாலேயே எழுதியது. எங்கள் தெருவில் யார் வெளிநாடு போனாலும் முதலில் வந்து நிற்பது குற்றாலிங்க அண்ணாச்சியிடம்தான். அண்ணாச்சி அதுவரை விமானத்தின் வாலைக்கூடத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். ரயில்வே மெயிலில் முப்பத்துநாலு வருஷம் தபால் பிரித்தவருக்கு இணைப்பு என்றால் என்னவென்று விமானக்காரன் வந்தா சொல்லித்தர வேண்டும்? மணியாச்சியில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் தூத்துக்குடிப் பை இறங்கவில்லை என்றால், அந்தப் பை மதுரை வரை போய்ச் சந்தி சிரிக்கும். அதே கதைதான் இதுவும். இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடு, தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக்காரன் பொறுப்பேற்க மாட்டான். பெட்டி நேரே கடைசி ஊருக்குப் போகிறதா என்று கவுண்டரிலேயே கேள், ஒட்டுகிற சீட்டில் எந்த ஊரின் மூன்றெழுத்து இருக்கிறது என்று உன் கண்ணால் பார். இடையில் மூன்று மணி நேரமாவது வை. அதற்கு மேல் காத்திருக்க வேண்டி வந்தால் விமான நிலையத்துக்கு உள்ளேயே இருக்கிற ஹோட்டலாகப் பார்த்துப் பிடி, வெளியே போனால் விசா கேட்பான். அறை நாள் கணக்கா மணிக் கணக்கா என்று கேட்டுக்கொள். மாத்திரையைப் பெட்டியில் போடாதே, கையில் வை. இத்தனையும் சொல்லித்தான் கோயில் ஐயர் மகனை ஜெர்மனிக்கும், மளிகைக்கடைக்காரர் சம்சாரத்தைக் கனடாவுக்கும் அனுப்பி வைத்தார், அவர்களும் போய்ச் சேர்ந்து போன் போட்டார்கள். மூன்று மணி நேரம் வை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தனக்கு எவ்வளவு வைத்தார்? பதிமூன்றரை. காலை ஆறு நாற்பதுக்கு வந்து இறங்கினார்கள். பக்கத்து ஸீட்டில் வந்த நாகர்கோவில் தம்பதி ஒன்பதரை விமானத்தைப் பிடித்துப் போயே விட்டார்கள், இந்நேரம் பாதி வழி போயிருப்பார்கள். "நீங்க வரலையா சார்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "வீட்டம்மாவுக்கு முட்டு சரியில்ல, ஒரேயடியா உட்கார முடியாது, படுத்து எழுந்திரிச்சுப் போகணும்" என்றார். ஆவுடை முட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் முட்டு பாவம், எத்தனை பொய்யைத்தான் தாங்கும்.

பொய் என்று யார் சொன்னது? முட்டு வலிக்கத்தானே செய்கிறது. ஆனால் நடுச்சாமத்தில் டிக்கெட் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது விரல் ஒன்பதரைக்குப் போய்ப் போய்த் திரும்பியது எதற்கு என்று அவருக்குத் தெரியாதா. பயம். அறுபத்தாறு வயசில், பெற்ற மகளைப் பார்க்கப் பயம். இன்னும் ஒரு பகல் தள்ளிப் போகட்டுமே என்ற பயம். இந்தப் பயணமே அவர் வருகிற பயணமில்லை, கேளுங்கள். ஆவுடையைக் கொண்டுபோய் விடுகிற பயணம். அப்படித்தான் தெருவில் சொல்லி வைத்திருந்தார். ஆவுடை தை மாசம் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "லோசனி கூப்பிடுதா. நான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டா தெய்வானைகிட்ட சோறு சொல்லிட்டுப் போறேன்." ஏழு வருஷத்தில் அந்தப் பேர் அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான். மீனலோசனி. அவருடைய அம்மா பேர், ஆசை ஆசையாக வைத்த பேர். கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேற ஆளுக. அன்றைக்கு வாசலில் நிறுத்தியே பேசினார், என்னென்ன பேசினார் என்பதெல்லாம் இப்போது எதற்கு. பையன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நின்றான். உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பான். அந்தச் செருப்பை இப்போது வரைக்கும் மறக்க முடியவில்லை, வார் அறுந்து தைத்த செருப்பு. அப்புறம் ஆறே மாசத்தில் இரண்டு பேரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள் என்று காதில் விழுந்தது. ஆவுடை இப்போது போகிறேன் என்றதும் இவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "தனியா கனெக்டிங் பிளைட்ல மாட்டிக்கிட்டு முழிப்ப. கொண்டுபோய் விட்டுட்டு வாறேன்." சரி என்றாள், சிரிக்காமல் சொன்னாள். விசாவெல்லாம் மகளே அங்கிருந்து போட்டுவிட்டாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் இவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போட்டார். விலாசத்தை ஒரு தாளில் எழுதி ஃபைலின் கடைசிப் பக்கமாகச் செருகியவள் ஆவுடை. முதல் பன்னிரண்டு பக்கத்தையும் நூறு தடவை படித்தவர், அந்தப் பதின்மூன்றாவது பக்கத்தைப் புரட்டவேயில்லை.

விலாசம். அவருக்கா விலாசம் தெரியவில்லை! ஒரு விலாசத்தை ஒருதரம் பார்த்தால் போதும், மண்டைக்குள் போய் அதனதன் அறையில் விழுந்துவிடும். சங்கரன்கோவில் பக்கம் எந்தக் குக்கிராமத்துக்கு எந்தத் தபாலாபீஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். விலாசம் அரைகுறையாக வருகிற கடிதத்தைக்கூட விட மாட்டார், 'புளியமரத்துக்கு எதுத்தாப்புல, செவிடன் மாமா வீடு' என்று வந்த கார்டை ஊர் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மூன்று கடிதம் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை, தெரிந்த கையெழுத்து, குண்டு குண்டாக, ஐந்தாம் வகுப்பில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கின எழுத்து. போஸ்ட்மேன் தாவீது தயங்கினான். "அண்ணாச்சி, மக லெட்டருல்லா" என்றான். "வாங்க மாட்டேன்னு எழுதி அனுப்பு" என்றார். எழுத அவனுக்குக் கை வரவில்லை. பேனாவை வாங்கி இவரே எழுதினார்: பெற மறுத்துவிட்டார். கையெழுத்து, தேதி. மூன்று தடவை. முதுகுப்பக்கத்தில் அனுப்பியவர் விலாசம் இருந்திருக்கும். கண் அங்கே போகாமல் பார்த்துக்கொண்டார், அது ஒரு வித்தை, அதற்கும் முப்பத்துநாலு வருஷ அனுபவம் வேண்டும். அந்தக் கடிதங்கள் கடல் தாண்டித் திரும்பிப் போய் அவள் வாசலில் விழுந்திருக்கும். அவள் குனிந்து எடுத்திருப்பாள். அப்பா எழுத்து என்று அவளுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்? பாவி, பாவி. பேசின பேச்சுக்கூடக் காற்றோடு போய்விடும், இவன் எழுதி அல்லவா அனுப்பினான். இப்போது அந்த விலாசம் இல்லாமல் அவளிடம் போக முடியாது என்று ஒரு துண்டு அட்டை சொல்கிறது.

ஏதாவது ஒரு தெரு பேரை எழுதிவிடலாமா? யார் வந்து பார்க்கப்போகிறான்? சே, தபால்காரன் பொய் விலாசம் எழுதுவதா. தெய்வானைக்குப் போன் போட்டு ஃபைலைப் பிரித்துப் படிக்கச் சொன்னால்? அவளுக்கு இங்கிலீஷ் வராது. அவளுக்கு வராவிட்டாலும் விலாசம் தெரிந்திருக்கும், யார் கண்டது. ஆவுடை ஆறு வருஷமாகத் தினமும் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குப் போய் வருகிறாளே, ஊறுகாய் போடவா போனாள்? தெருவுக்கே தெரிந்த விலாசமாக இருக்கும், இவரைத் தவிர. மேசையில் ஆவுடையின் போன் சார்ஜில் கிடந்தது. பூட்டெல்லாம் கிடையாது, அவளுக்குப் பூட்டத் தெரியாது. பட்டியலில் லோசனி என்று தேடினார், இல்லை. மீனா என்று தேடினார், இல்லை. முதல் வரியில் 'தெய்வானை வீடு' என்று இருந்தது, அதற்குக் கீழே 'தெய்வானை வீடு 2'. எதிர்வீட்டுக்காரிக்கு எதற்கு இரண்டு நம்பர் என்று ஒருதரம் கேலி செய்திருக்கிறார், அவளும் சிரித்தாள். இரண்டாவதைத் தொட்டார். படம் பெரிசானது. லோசனிதான். கன்னம் ஒட்டிப்போய், கண்ணாடி போட்டு, மடியில் ஒரு குழந்தையோடு. குழந்தை இருக்கிறது என்று தெரியும், காதில் விழுந்திருக்கிறது. அதற்கு இவர் அம்மாவின் நெற்றி என்று யாரும் சொல்லவில்லையே. பெண்டாட்டி தன் சொந்த மகளை இன்னொரு வீட்டின் பேரில் ஒளித்து வைத்துப் பேச வேண்டியிருந்திருக்கிறது, இந்த ஆளுக்குப் பயந்து. எழுப்பிக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும். அவள் கேட்டுச் சொல்லுவாள், இவர் எழுதிக்கொள்ளலாம், எப்போதும்போல நடுவில் ஒரு ஆள். ஆவுடையின் முதுகைப் பார்த்தார். தூங்கட்டும், முட்டுவலிக்காரி. கட்டைவிரல் பச்சை வட்டத்தை அழுத்திவிட்டது. அழுத்தின பிறகு, அணைக்க எதைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எம்மா, முழிச்சிட்டியா? அப்பா எங்க? மாத்திரை போட்டாச்சா?"

ஏழு வருஷம் கழித்து முதலில் காதில் விழுந்தது இது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "எப்பா?" என்றவள், உடனே பதறினாள். "அம்மாவுக்கு என்ன? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தூங்குதா." அட்டையைப் பார்த்தார், அதில் அச்சடித்திருந்ததையே சொன்னார். "விலாசம் வேணும். தங்கப்போற விலாசம். அட்டையில எழுதணும்."

"விலாசமா?" என்றாள். "மூணு லெட்டர்ல எழுதியிருந்தேனேப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஞாபகப்படுத்துகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். "நான்தான் எழுதினேன். தாவீது இல்ல."

"தெரியும்பா. உங்க எழுத்து தெரியாதா எனக்கு? அந்தக் கவரெல்லாம் வச்சிருக்கேன்."

"என்னத்துக்கு?"

"உங்க எழுத்துல்லா."

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது மங்கிக்கொண்டே வந்தது. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சை மாற்றினாள். "எப்பா, காலையில ஒன்பதரைக்கே ஒரு பிளைட் இருந்துச்சே. அதுல வந்திருந்தா இன்னிக்கே வந்திருக்கலாம்லா. அம்மாவுக்கு முட்டு முடியலையோ?"

வாயில் முட்டுதான் வந்தது. விழுங்கிவிட்டு, "அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

"எதுக்குப்பா?"

"நீ வாசல்ல நிறுத்திப் பேசிருவியோன்னு."

லோசனி அழுதாள். அழட்டும் என்று காத்திருந்தார், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, எழுதிக்கோங்க" என்றாள். "இருபத்திமூணு..."

"இரு. பேர்லேருந்து சொல்லு."

"எந்தப் பேரு?"

"பேரில்லாம விலாசம் உண்டா? வீடு யாரு பேர்ல இருக்கு?"

தூரத்தில் ஒரு குழந்தை யாரு யாரு என்று கேட்டது.

"அவர் பேர்லதான்பா இருக்கு. அருள்ராஜ்."

அட்டையின் விலாசப் பகுதியில் பேருக்கு இடமே விடவில்லை, வீட்டு எண்ணிலிருந்துதான் கட்டம் ஆரம்பித்தது. அதற்கு மேலே இருந்த சின்ன வெள்ளை இடத்தில், நுணுக்கி, ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பேரை எழுதினார். எழுதிவிட்டு அதை வாய்விட்டும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல எண், தெரு, ஊர், மாநிலம், கடைசியில் நாலே நாலு இலக்கத்தில் ஒரு பின்கோடு. ஒருதரம் திரும்பப் படித்துக் காட்டினார். எல்லாம் சரி என்றாள். காலையில் விமான நிலையத்துக்கு அவரும் வருகிறார் என்றாள். வரட்டும் என்றார். போனை வைத்துவிட்டார்கள்.

கட்டிலில் ஆவுடை அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியேதான் பேசினாள், தூக்கக் கலக்கமே இல்லாத குரலில்.

"ஏங்க, எனக்கும் ஒரு அட்டை இருக்குல்லா. அதுலயும் எழுதிருங்க. பேரை விட்டுராதிய."

"எப்பத்துலேருந்து முழிச்சிருக்க?"

"நீங்க தரையைத் தடவினதுலேருந்து."

குற்றாலிங்கம் இரண்டாவது அட்டையை எடுத்து மேசையில் நேராக வைத்தார். முதல் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, பேரிலிருந்து பின்கோடு வரைக்கும் மொத்த விலாசத்தையும் பார்க்காமல் எழுதினார்.